வண்டி கிளம்பும் முன்

காரைக்காலில் ஒருவருக்கு உடம்பு மிகவும் மோசமானால் வீட்டில் உடனே எழும் கேள்வி, "பாண்டிக்கா, தஞ்சாவூருக்கா?" என்பதுதான். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் நான்கு பகுதிகளில் ஒன்றான இந்த ஊர், தலைநகரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சம். சுற்றிலும் தமிழ்நாடு. புதுச்சேரிக்குப் போகும் சாலை தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி, கடைசியில்தான் மறுபடி யூனியன் பிரதேசத்துக்குள் நுழையும். ஆம்புலன்ஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பக்கத்திலேயே திருவாரூர் மருத்துவக் கல்லூரி உண்டு. 2022 முதல் நாகப்பட்டினத்திலும் ஒன்று இருக்கிறது. ஆனாலும் தலையில் அடிபட்டவர், மூளையில் ரத்தக்கசிவு வந்தவர், கீமோ எடுக்கும் புற்றுநோயாளி என்றால் மக்கள் மனம் இன்றும் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனையைத்தான் நாடுகிறது.

கடும் நோயாளியின் குடும்பத்தோடு மருத்துவர் எப்படிப் பேசுவது என்று உலகெங்கும் எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்துகளில் பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையை, ஒரே மருத்துவரை, கதவு மூடிய ஓர் அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சிறிய ஊர்களின் நிலைமை வேறு. இங்கே கெட்ட செய்தி நோயாளியோடு சேர்ந்து வண்டியேறிப் போகிறது. முதலில் பார்த்த மருத்துவருக்குப் பிழைப்பது கடினம் என்று தெரிந்திருக்கும். அவர் சொல்வது, "மேல்சிகிச்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க." குடும்பத்தின் காதில் விழுவது, "அங்கே போனால் பிழைத்துவிடுவார்." பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருப்பவரோ, இவர்களுக்கு அங்கேயே எல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். ஆக, சொல்லவேண்டிய ஒன்றை இருவரும் சொல்வதில்லை. காரைக்கால் போன்ற இடத்தில் இந்தப் பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. மருத்துவரின் கனிவுக் குறைவு, படிக்காத உறவினர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எல்லாம் இதற்குப் பிறகே வரும்.

குடும்பம் என்று யாரைச் சொல்கிறோம்? வார்டு வாசலில் நிற்கும் 'அட்டெண்டர்' சில சமயம் மகள்; பல சமயம் அன்றைக்கு வேலையில்லாமல் இருந்த மைத்துனர். காகிதத்தில் கையெழுத்துப் போடுபவர் மூத்த மகன். பணத்துக்கு வழி பார்ப்பவர் இன்னொருவர். மனைவிக்குக் கடைசியில்தான் சொல்வார்கள், "அழுது ஊரைக் கூட்டிடும்" என்ற பயத்தில். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளியுடன் ஊர்ப் பஞ்சாயத்தார் இரண்டு பேராவது வந்திருப்பார்கள். வண்டிக்கும் ரத்தத்துக்கும் ஏற்பாடு செய்பவர்கள் அவர்கள்தான். முஸ்லிம் வீடுகளில் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்களும் உடன் வருவதுண்டு. இளம் மருத்துவருக்கு இந்தக் கூட்டம் எரிச்சல் தரும். "ஒருத்தர் மட்டும் வாங்க" என்று குரல் உயர்த்துவார். வாசலுக்கு வரும் அந்த ஒருவர் பெரும்பாலும் முடிவெடுப்பவர் அல்லர். அவர் கேட்டதைப் பாதி மறந்து, மீதியைத் தன் பயத்தோடு கலந்து மற்றவர்களிடம் சொல்வார். அரைமணி கழித்து இன்னொருவர் வந்து அதே கேள்வியை மறுபடி கேட்பார். ஐந்து பேரை ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பேசுவதே மொத்தத்தில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

சட்டத்தின் பார்வை இதிலிருந்து மாறுபட்டது. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த நோயாளியின் சம்மதத்துக்குப் பதிலாக உறவினரின் சம்மதம் செல்லாது என்று தெளிவாக்கியது. அந்த வழக்கில் மயக்க மருந்தால் தற்காலிகமாக நினைவிழந்திருந்த பெண்ணின் தாயிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை இன்னொரு கோணத்தில் பேசுகிறது: நோயின் கடுமையை மருத்துவர் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது, நோயாளிக்கோ, உறவினருக்கோ, பொறுப்பான நண்பருக்கோ, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நன்மை தரும் அளவுக்கு நிலைமை தெரிந்திருப்பதை அவர் உறுதிசெய்ய வேண்டும். இந்த நெறிமுறையை எழுதியவர்களுக்கு நம் வீடுகள் தெரிந்திருக்கின்றன. நண்பரைக்கூட விடவில்லை பாருங்கள்.

"அவருக்குச் சொல்லிடாதீங்க சார், தாங்க மாட்டார்." தமிழ்நாட்டில் புற்றுநோய் பார்க்கும் எந்த மருத்துவரும் இதைக் கேட்காமல் ஒரு வாரம் கழித்திருக்க மாட்டார். இதைக் கீழைநாட்டுப் பழக்கம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல். 1961இல் அமெரிக்க மருத்துவர்களிடம் டொனால்ட் ஓக்கன் நடத்திய ஆய்வில், புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமலிருக்கவே விரும்புவதாக 90 சதவீதம் பேர் கூறினார்கள். 1979இல் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வதே தங்கள் வழக்கம் என்றார்கள். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிலின் பழக்கம் தலைகீழானது. அந்த இடைவெளியில் சிகிச்சைகள் பெருகின; நோயாளியின் உரிமை பற்றிய பேச்சும் வலுத்தது. ஆகவே மறைப்பது நம் ரத்தத்தில் ஊறியது, மாறவே மாறாது என்று சொல்ல முடியாது.

அதற்காக, அமெரிக்கப் பாணியில் நோயாளியின் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் கொட்டிவிடுவதும் இங்கே உதவாது. மறைக்கச் சொல்லும் மகனிடம் "அது சட்டப்படி தப்பு" என்று வாதாடினால் அவன் தன் தந்தையை வேறு மருத்துவமனைக்குக் கூட்டிப் போவான். "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று கேட்டால் பேச்சு தொடரும். பெரும்பாலும் வரும் பதில்: சாப்பாட்டை விட்டுவிடுவார், மருந்தைத் தள்ளிவிடுவார், தங்கையின் கல்யாணம் முடியட்டும். எல்லாம் நியாயமான பயங்கள்தான். அதன்பிறகு மருத்துவர் சொல்லலாம்: "நானா போய் எதையும் சொல்ல மாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு உங்க முன்னாடியே கேட்கலாமா?" பல நோயாளிகளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புற்றுநோய்ப் பிரிவின் பெயர்ப்பலகையைத் தாண்டித்தானே மூன்று வாரத்துக்கொருமுறை ஊசிக்கு வந்து போகிறார்கள்? அவர்களும் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று தெரியாததுபோல் இருந்திருப்பார்கள். ஒரு வீட்டுக்குள் இரண்டு பக்கமும் நடக்கும் இந்த நாடகத்தில் மனைவிக்கு நகையை எங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்வதும், பங்காளியிடம் கணக்கை முடிப்பதும் தள்ளிப்போய், கடைசியில் நடக்காமலே போகின்றன.

ராபர்ட் பக்மன், வால்டர் பெய்ல் முதலானோர் 2000இல் வெளியிட்ட ஆறுபடி முறை உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. இடத்தை ஒழுங்குசெய், அவருக்கு என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள், பிறகு சொல், உணர்ச்சிக்கு இடம்கொடு, அடுத்து என்ன என்று பேசு. இதில் இரண்டாவது படிதான் நம் ஊருக்கு உயிர்நாடி என்பேன். "இதுவரைக்கும் டாக்டருங்க உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்ற ஒற்றைக் கேள்வி, மூன்று ஊர் தாண்டி வந்த குடும்பத்தின் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். மூளைச்சாவுக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி "மயக்கம் தெளியலை, அவ்வளவுதான்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகாவது, எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது விளங்கும்.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். தீவிர சிகிச்சைப் பிரிவில் குடும்பத்தோடு பேசுவது குறித்து மிகக் கடினமாக உழைத்து ஆய்வு செய்தவர்களில் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. பாரிஸின் சேன் லூயி மருத்துவமனையில் எலி அசுலே குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவரோடு பேசிவிட்டு வந்த உறவினர்களில் பாதிப்பேருக்கு நோய் என்ன, சிகிச்சை என்ன, பிழைப்பாரா என்பதில் ஏதோ ஒன்று புரியவேயில்லை. அவர்கள் படிப்பறிவில்லாத கிராமத்தார் அல்லர். 2007இல் 22 பிரெஞ்சு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், இறக்கும் நிலையில் இருந்த 126 நோயாளிகளின் குடும்பங்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ஒரு பிரிவினரிடம் வழக்கம்போல் பேசினார்கள். மற்றவர்களிடம் திட்டமிட்ட முறையில், அவர்களைப் பேசவிட்டுக் கேட்டு, ஒரு சிறு கையேடும் கொடுத்தார்கள். சந்திப்பின் நேரம் 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடமானது. அதில் குடும்பம் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 நிமிடமாக உயர்ந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் அறிகுறிகள் வழக்கமான பிரிவில் 69 சதவீதம் பேரிடமும் இவர்களிடம் 45 சதவீதம் பேரிடமும் இருந்தன. கூடுதலாகச் செலவானது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்திலும் மருத்துவர் அதிகம் பேசவில்லை.

நம் அரசு மருத்துவமனையில் அந்தப் பத்து நிமிடம் எங்கே என்று கேட்கலாம். நியாயம்தான். ஒரு ஹவுஸ் சர்ஜன், ஒரு நர்ஸ், முப்பது நாற்பது படுக்கை. உட்கார நாற்காலி இல்லை, தனியறை இல்லை. பேச்சு நடப்பது மாடிப்படி ஓரத்தில். அதிலும் மொழிச் சிக்கல். ஜிப்மர் தேசிய நிறுவனம். மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் செவிலியர்களும் இந்தியா முழுவதிலிருந்தும் வருகிறார்கள். ராஜஸ்தானிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்த இளைஞர், திருநள்ளாறு பக்கத்து விவசாயத் தொழிலாளியிடம் 'சீரியஸ்', 'ஆக்சிஜன் லோ', 'வென்டிலேட்டர் வேணும்' என்று மூன்று சொற்றொடரில் முடித்துக்கொள்கிறார். மீதியைச் சொல்பவர் நர்ஸ், அல்லது ஆயா, அல்லது பக்கத்துப் படுக்கைக்காரரின் மருமகன். மாநிலங்கள் கடந்து ஆட்களைச் சேர்க்கும் நிறுவனம், கெட்ட செய்தி சொல்லும் நேரத்துக்காவது தமிழ் பேசும் ஒரு மருத்துவ சமூகப் பணியாளரைப் பக்கத்தில் நிறுத்துவது ஆடம்பரமல்ல.

தமிழ் தெரிந்த மருத்துவரிடமும் குறையுண்டு. "இருபத்துநாலு மணி நேரம் போனாத்தான் சொல்ல முடியும்" என்பதை அவர் உண்மையான நிச்சயமின்மைக்கும் பயன்படுத்துகிறார், தப்பித்துக்கொள்ளவும் பயன்படுத்துகிறார். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். "எல்லாம் மேல இருக்கிறவன் கையில" என்பதும் அப்படியே. இதைக் கேட்ட ஒரு வீடு துணி எடுத்துவைக்க ஆரம்பிக்கும். இன்னொரு வீடு நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ நேர்ந்துகொண்டு, நகையை அடகுவைத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கிளம்பும். "பிழைக்கிறது ரொம்பக் கஷ்டம்னு நினைக்கிறேன், பிழைச்சாலும் பழையபடி எழுந்து நடக்க மாட்டாருன்னு பயப்படுறேன்" என்று சொன்னால் அழுவார்கள். அழட்டும். அதற்குப் பிறகு அவர்கள் எடுக்கும் முடிவு அவர்களுடையதாக இருக்கும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் பிழைப்பைப் பற்றிப் பேசுவது அரைப்பேச்சு. காரைக்கால்காரரிடம் இருப்பது புதுச்சேரி ரேஷன் அட்டை. ஆற்றைக் கடந்து தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைக்குப் போனால் தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அவருக்கு இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வலிநிவாரணப் பராமரிப்பை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கானது. ஒரே வாய்க்காலின் இரு கரையிலும் வெவ்வேறு கணக்கு. எந்தக் கதவு தனக்குத் திறக்கும் என்பது குடும்பத்துக்கு வண்டி கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகலாம், அதற்குப் பலன் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லும் மருத்துவர் அரிது. கேட்டால், "உயிரைப் பணத்தால எடை போடுறோம்னு நினைப்பாங்க" என்பார். நாள்தோறும் அந்தக் குடும்பம் அப்படித்தான் எடைபோட்டுக்கொண்டிருக்கிறது, ஆனால் கையில் சரியான தகவல் இல்லாமல்.

கையிருப்பு தீரும்போது வருவது அந்தக் காகிதம்: 'மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்.' ஆம்புலன்ஸில் ஒருவர் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வர, உயிர் வீட்டு வாசல் வரை தாங்க வேண்டும். வெளியில் இறந்தவர் உடலை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்ற வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. ஆகவே இந்த அவசரத்தை மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. உண்மையில் வீட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து எடுத்த முடிவு. ஆனால் காகிதத்தில் குடும்பம் மட்டும் குற்றவாளி. ஆலோசனைக்கு 'மாறாக'ப் போனதால் வலிக்கு மார்பின் கிடையாது, மூச்சுத்திணறலுக்கு மருந்து கிடையாது, இரவில் கூப்பிட எண் கிடையாது.

சட்டம் இதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம், மீள முடியாத நிலையில் உயிர்காக்கும் கருவிகளை விலக்கலாம் என்று சொல்லி, அதற்கு ஒரு நடைமுறையும் வகுத்தது. அந்த நடைமுறை யாராலும் பின்பற்ற முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்ததால், 2023 ஜனவரியில் எளிதாக்கியது. முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்துக்கு இப்போது நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும். மருத்துவமனையிலேயே இரண்டு குழுக்கள், முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு. 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு மார்பின் வாங்குவதும் எளிதானது. 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு வலிநிவாரண மருத்துவமனையாகத் தொடங்கிய கேரளத்து முயற்சி, பஞ்சாயத்து தோறும் வீட்டுப் பராமரிப்பாக வளர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். காரைக்கால் ஒரு கேரளத் தாலுகாவைவிடப் பெரிதல்ல. நகராட்சியிலும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் தலா ஒரு செவிலியர் வாரம் ஒருமுறை வீடு போய்வருவது நடக்காத காரியமா?

முன்கூட்டிச் சொல்வதால் மருத்துவத்துக்கு வெளியிலும் சில காரியங்கள் நடக்கின்றன. முஸ்லிம் வீட்டில் வாப்பாவின் காதருகே கலிமா சொல்ல, யாசீன் ஓத, வாயில் ஜம்ஜம் தண்ணீர் விட ஆள் வேண்டும். கத்தோலிக்க வீட்டுக்கு நோயில்பூசுதலுக்குச் சாமியார் வர வேண்டும். இந்து வீட்டில் பேரப்பிள்ளைகள் வரிசையாகப் பால் ஊற்ற வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இவற்றில் எதுவும் நடப்பதில்லை. கதவைத் திறந்தால் உறவினர் தாங்க மாட்டார்கள் என்ற வாதத்தையும் பிரெஞ்சுக்காரர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளியான ஆய்வில், வீட்டில் இதயம் நின்றவர்களுக்கு உயிர்மீட்பு நடக்கும்போது உடனிருக்க அழைக்கப்பட்ட உறவினர்களுக்கு, அழைக்கப்படாதவர்களைவிட மனப்பாதிப்பு குறைவாகவே இருந்தது.

பிறகு, போன். காரைக்கால் வீடுகளில் ஒரு கை பிரான்ஸிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும். இங்கே இருக்கும் தங்கை ஆறு மாதமாக மலமூத்திரம் எடுத்து, போதும் என்ற மனநிலைக்கு வந்திருப்பாள். பாரிஸிலிருந்து அண்ணன் வீடியோவில் வந்து, "என்ன செலவானாலும் பரவாயில்லை, எல்லாம் பண்ணுங்க" என்பான். தூரத்துப் பிள்ளையின் இந்தக் குற்றவுணர்வு அமெரிக்காவிலும் இருக்கிறது. 1991இல் முதியோர் மருத்துவ இதழொன்றில் 'கலிஃபோர்னியா மகள்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பாரிஸ் அண்ணனோடு சண்டைபோட வேண்டாம். முதல் சந்திப்பிலேயே அவனையும் ஸ்பீக்கரில் சேர்த்துக்கொள்வது நல்லது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரான்ஸில் ஒவ்வொரு நோயாளியும் தனக்காகப் பேச ஒரு நம்பிக்கையாளரை எழுத்தில் நியமிக்கலாம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கக்கூடும். "அப்பா அப்படி யாரைச் சொல்லியிருப்பார்?" என்று அவனிடமே கேட்கலாம். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் தங்கையின் பெயர்தான் வரும்.

சொல்லாமல் விட்டவை சில நேரம் வன்முறையாகவும் வெடிக்கின்றன. 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோயாளியான தன் தாய்க்குத் தவறான சிகிச்சை நடந்ததாக நினைத்த இளைஞர் ஒருவர் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். எந்தப் பேச்சுக் குறையும் அந்தக் கத்திக்கு நியாயமாகாது. காவல் சாவடி போடுவதும் தேவைதான். ஆனால் சிகிச்சையின் பக்கவிளைவு எது, நோயின் முற்றல் எது என்று குடும்பத்துக்கு விளங்கச் செய்வது எந்தச் சாவடியாலும் முடியாது.

2019இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, நெறி, உரையாடல் என்று தனிப் பகுதி உண்டு. காரைக்காலில் 2016 முதல் ஜிப்மரின் கிளையும், அதற்கு முன்பிருந்தே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன. இவ்வளவு சிறிய ஊரில் இரண்டு கல்லூரி என்பது பெரிய வாய்ப்பு. வகுப்பில் சக மாணவரை உறவினராக நடிக்கவைத்துப் பயிற்சி தருவது நல்லதுதான். ஆனால் மாணவர் உண்மையில் கற்றுக்கொள்வது இரவு இரண்டு மணிக்கு மூத்தவர் வராந்தாவில் எப்படிப் பேசுகிறார் என்பதைப் பார்த்து.

நான் கேட்பது ஒரு வரி. நோயாளியை வெளியூருக்கு அனுப்பும் கடிதத்தில் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, கொடுத்த மருந்து எல்லாம் எழுதப்படுகின்றன. அதற்குக் கீழே இன்னொரு வரி வேண்டும்: குடும்பத்தில் யாரிடம், என்ன சொல்லப்பட்டது. 'மூத்த மகளிடமும் மைத்துனரிடமும், பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லியாயிற்று, மனைவிக்குத் தெரியாது, வென்டிலேட்டர் வேண்டுமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை' என்று எழுத இரண்டு நிமிடம் போதும். எழுத வேண்டியிருப்பதாலேயே வண்டி கிளம்பும் முன் பேசவும் வேண்டியிருக்கும். சீர்காழி தாண்டும்போது நிலைமை மோசமானால் திரும்புவதா, மேலே போவதா என்று ஆம்புலன்ஸ்காரரும் தெரிந்துகொள்வார். புதுச்சேரியில் நள்ளிரவில் கடிதத்தைப் பிரிக்கும் பயிற்சி மருத்துவர், முதல் வாக்கியத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரிந்துகொண்டு வெளியே வருவார்.